கோர்லை: கடலோரத்தில் ஒரு வீட்டுமொழி

அலிபாக் என்றதும் நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடற்கரையும் கொலாபா கோட்டையுமே நினைவுக்கு வரும். அங்கிருந்து முருட் செல்லும் பேருந்தில் ஏறி, ரேவ்தண்டாவைத் தாண்டி, குண்டலிகா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கோர்லை என்னும் சிற்றூர் வரும். மீன்பிடிப் படகுகள், தென்னை, வாழை, ஓட்டு வீடுகள், ஒரு மாதா கோயில். பார்வைக்குக் கொங்கணக் கரையின் மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கும். காதைத் தீட்டிக்கொண்டால்தான் வேறுபாடு தெரியும்.

இவ்வூர்க் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் தம் வீடுகளில் பேசுவது மராத்தியன்று. போர்த்துகீசியத்திலிருந்து பிறந்த ஒரு கலப்புமொழி. அதை அவர்கள் ‘நோ லிங்’ என்கிறார்கள். ‘நம் மொழி’ என்று பொருள்.

ஆற்றின் முகத்துவாரத்தில் கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றின் மேல் உள்ள கோட்டையைப் போர்த்துகீசியர் 1594இல் கைப்பற்றினர். 1740இல் இப்பகுதி மராத்தியர் வசமாயிற்று. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களிடம் வேலை செய்து, அவர்கள் சமயத்தைத் தழுவிய எளிய மக்கள் இங்கேயே தங்கினர். சாதியாலும் சமயத்தாலும் அக்கம்பக்கத்து ஊர்களோடு கொள்வினை கொடுப்பினை இல்லை. ஆகவே தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு, தங்கள் பேச்சைத் தாங்களே காத்தனர். விலக்கி வைக்கப்பட்டதே மொழிக்கு வேலியாகிவிட்டது என்பது வருத்தமான உண்மைதான்.

வேலி இருந்தும் காற்று புகாமல் இல்லை. போர்த்துகீசியத்தில் ‘நான் படிக்கிறேன் புத்தகத்தை’ என்ற வரிசையில் சொல்வார்கள். கோர்லையில் மராத்தியின் செல்வாக்கால் நம்மைப்போல ‘நான் புத்தகத்தைப் படிக்கிறேன்’ என்ற வரிசை வந்துவிட்டது. சொல் வெளியூர், வாக்கிய அமைப்பு உள்ளூர். இதை ஆராய்ந்த மொழியியலாளர் கிளான்சி கிளெமன்ட்ஸ் 1996இல் ஒரு நூலே வெளியிட்டார்.

280 ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தின் துணையின்றி, தாயின் வாயிலிருந்தே பிள்ளைகள் கற்ற மொழி இது. இப்போது பள்ளியும் பிழைப்பும் மராத்தியில். ‘வீட்டிலும் அதையே பேசினால் பிள்ளை முன்னுக்கு வருமே’ என்று பெற்றோர் எண்ணத் தொடங்கினால் ஒரு தலைமுறை போதும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இந்த எண்ணம் நமக்குப் புதிதா என்ன?

ஊருக்குப் போகிறவர்கள் அம்மக்களைக் காட்சிப்பொருளாக எண்ணி, ‘பேசிக் காட்டுங்கள்’ என்று தொந்தரவு செய்ய வேண்டாம். கடையிலோ மாதா கோயில் வாசலிலோ மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால் அவர்களாகவே சொல்வார்கள்.

கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலிருந்து படியேறினால் கோட்டை. இடிந்த தேவாலயமும் பீரங்கிகளும் மதில்களும் உள்ளன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது நல்லது. குடிநீர் கையோடு இருக்கட்டும். எதிர்க்கரையில் ரேவ்தண்டாவின் போர்த்துகீசியக் கோட்டையும், அதையடுத்துப் பழந்துறைமுகமான சவுலும் இருக்கின்றன. ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் 15ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய துறை அது. தெற்கே காஷித் கடற்கரை. குளிக்கும்போது அலையின் இழுப்பில் கவனம் தேவை. அதற்கும் அப்பால், சிவாஜியாலும் பிடிக்க முடியாத சித்திகளின் ஜஞ்சிராக் கடற்கோட்டை. இராஜபுரியிலிருந்து பாய்மரப் படகில் போகலாம், மழைக்காலம் நீங்கலாக. கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் படகும் மழையில் நின்றுவிடும் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. சாவி, ஜன்னல், அலமாரி, துவாலை, அன்னாசி, மேஸ்திரி, பாதிரி: இவை தமிழுக்குப் போர்த்துகீசியம் தந்தவை. இவற்றுள் எவை மராத்தியிலும் வழங்குகின்றன? சாவி இரண்டிலும் உண்டு. ஜன்னல் மராத்தியில் ‘கிட்கி’. படாடா, பாவ், பகார் ஆகியவை மராத்தி ஏற்றுக்கொண்ட போர்த்துகீசியச் சொற்கள். இவற்றுக்கு நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்? படகில் போகும் ஒரு மணி நேரத்தில் பாட்டியையும் சேர்த்துக்கொண்டு பட்டியலிடுங்கள். கோர்லையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், சாவிக்கும் ஜன்னலுக்கும் ‘நோ லிங்’கில் என்ன சொல் என்று கேட்டு, பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.