அவருக்கு ஏர்போர்ட், எனக்கு மயிலாப்பூர்

பயணம்: கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 52 வயது, என் வீட்டுக்காரருக்கு 61. மானாவாரியில் மக்காச்சோளம், கிணற்றுத் தண்ணீர் பாயும் ஒரு துண்டு நிலத்தில் சின்ன வெங்காயம், இதுதான் எங்கள் பிழைப்பு. சென்னைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறோம். மாமியாருக்கு ஆபரேஷன், நாத்தனார் மகள் கல்யாணம், பையனைக் காலேஜில் சேர்க்க என்று எல்லாமே வேலையாகத்தான். சுற்றிப் பார்க்க என்று ஒரு நாள்கூட வந்ததில்லை. தை மாதம் சோளம் அடித்து முடிந்ததும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூன்று நாள் வரலாம் என்று நினைத்திருக்கிறோம். அவருக்கு ஏர்போர்ட், எல்.ஐ.சி., கடற்கரை பார்க்க ஆசை. எனக்கு மயிலாப்பூர் கோயிலும் தி.நகரும் போதும். அவருக்கு முழங்கால் வலி. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். பையன் பதினான்கு இடம் போட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். பார்த்ததுமே மலைப்பாக இருக்கிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதை விடுவது?
- ஒரு வாசகி, குரும்பலூர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அந்தப் பட்டியலைப் பையனுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்று நாளில் பதினான்கு இடம் என்பது பைக் வைத்திருக்கும் இருபது வயதுக்காரனின் கணக்கு. உங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காலையில் ஒன்று, வெயில் தாழ்ந்தபின் ஒன்று. நடுவில் சாப்பாடு, அறைக்கு வந்து ஒரு தூக்கம். ‘தூங்குவதற்கா சென்னைக்கு வந்தோம்’ என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். இத்தனை வருஷமாகச் சென்னையை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கல்யாண மண்டபத்து வாசலிலும் நின்றே பார்த்தவர்கள் நீங்கள். இந்தத் தடவை உட்கார்ந்து பாருங்கள்.

புதன்கிழமை கிளம்பி வெள்ளி ராத்திரி ஊர் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறில் மெரினாவில் மணலைவிட மனிதத் தலை அதிகம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, அதனால் அதைப் புதனன்றே முடித்துவிட வேண்டும்.

பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லாததால் உங்கள் பக்கத்தில் எல்லோரும் யோசிக்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் தெற்கிலிருந்து வரும் பஸ்களுக்கு 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தபிறகு, பஸ்ஸை விட்டு இறங்குவதோடு பயணம் முடிவதில்லை. ஐந்து மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்தவர், மூட்டையோடு இன்னொரு வண்டி பிடித்து ஊருக்குள் வரவேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. அரியலூருக்குப் போய்விடுங்கள். காலையில் அங்கே நின்று போகும் பல்லவன், வைகை இரண்டில் ஒன்றில் முன்பதிவு செய்தால் விருத்தாசலம், விழுப்புரம் வழியாக மதியத்துக்குள் சென்னை. நடுவில் எழுந்து இரண்டு எட்டு நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. எழும்பூர் நிலையத்தில் நடக்கும் கட்டுமான வேலைகளால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவதுண்டு. டிக்கெட் போடும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு அறுபது தாண்டிவிட்டதே, சலுகை உண்டே என்று நினைக்க வேண்டாம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஆனால் சென்னைக்குள் சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு உண்டு. முகப்பில் பிங்க் வண்ணம் அடித்த பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள்.

தங்க எழும்பூரே சரி. ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் எல்லா விலையிலும் லாட்ஜ் உண்டு. போனில் பேசும்போது ‘லிப்ட் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், ‘லிப்ட் ஓடுகிறதா’ என்று கேளுங்கள்.

புதன் மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து பாந்தியன் சாலை அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. ஒரு காலத்தில் கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் இதைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. உங்கள் மாமனாரைக் கேட்டால் சொல்வார். சுவாரஸ்யம் என்னவென்றால், 1855-ல் அந்த உயிர் காலேஜ் பிறந்ததே இந்தச் செத்த காலேஜ் வளாகத்துக்குள்தான். அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்பர் ஆரம்பித்தது. அது பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. பையன் பட்டியலில் வண்டலூர் கட்டாயம் இருக்கும். பேட்டரி வண்டி உண்டுதான், ஆனாலும் ஆயிரத்து நானூறு ஏக்கருக்கு மேல். பேரப்பிள்ளை வரும்போது போய்க்கொள்ளலாம், இப்போது விடுங்கள்.

அருங்காட்சியகத்திலும் எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பாதீர்கள். படிமக்கூடம் ஒன்று போதும். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான் இருக்கிறார்கள். அர்த்தநாரி முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். கழுத்திலிருந்து கண்ணை மெதுவாகக் கீழே இறக்கினால், இடுப்பு எந்த இடத்தில் ஆணிலிருந்து பெண்ணாகிறது என்று சொல்ல முடியாது. அவ்வளவு வழுவழுப்பான வார்ப்பு. சிற்பி ஆண் பாதிக்கு இரண்டு கை கொடுத்துவிட்டு, பெண் பாதிக்கு ஒரே கைதான் கொடுத்திருக்கிறார். எந்த வீட்டில் இப்படி நடக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

செம்புத் திருமேனிகள் என்றதும் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில் ஞாபகம் வராமல் இருக்காது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த கோயில். அங்கே திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருங்காட்சியகம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அதே கோயில் உமா பரமேஸ்வரி அதற்கு முந்தின வருஷமே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருந்தாள். தம்பதியைப் பிரித்து ஆளுக்கொரு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் 2014-ல் இந்தியா திரும்பினார், அம்மன் 2015-ல். உங்கள் ஜில்லாப் பக்கத்திலிருந்து பெரிய ஊர் பார்க்கப் போன ஜோடிகளில் இவர்கள் அளவுக்கு அலைக்கழிந்தவர்கள் இருக்க முடியாது.

சாயங்காலம் மெரினா. அங்கே உங்களுக்கென்றே ஒரு வசதி உண்டு. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலி போகும்படி மணலுக்குக் குறுக்கே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மணலில் கால் புதையாமல் அலைக்குக் கிட்டத்தில் போய்விடலாம். அங்கிருந்து திருவல்லிக்கேணி பக்கம்தான். ராத்திரிக்கு ரத்னா கபேயில் இட்லி. சாம்பாரை அவர்களே ஊற்றி இட்லியை மூழ்கடிப்பார்கள், தடுக்காதீர்கள்.

வியாழன் காலை அவருடையது. எழும்பூர் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறுங்கள். எல்லா நிலையத்திலும் லிப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலை நடைபாதையில் நின்று அந்தப் பதினான்கு மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி கீழே இறங்கி ரயில் ஏறுங்கள். 1959-ல் அது திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடங்களில் ஒன்று. இன்றைக்குச் சுற்றிலும் அதைவிட உயரமானவை வந்துவிட்டன, ஆனாலும் அவர் பார்க்க ஆசைப்படுவது அந்தப் பழைய சினிமாவில் பார்த்த கட்டடத்தை. ‘இவ்வளவுதானா’ என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அதற்குப்பின் சைதாப்பேட்டை வரை இருட்டு. சின்னமலை வரும்போது ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறிப் பாலத்தின்மேல் ஓடும். மீனம்பாக்கத்தை நெருங்கும்போது ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விமானம் இறங்கும் நேரமாக அமைந்தால் அதிர்ஷ்டம். விமான நிலையத்துக்குள் டிக்கெட் இல்லாமல் விடமாட்டார்கள். மெட்ரோ நிலையத்திலிருந்தே பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பலாம். காலை முழுக்க உட்கார்ந்தே ஊரைக் குறுக்கே பார்த்த மாதிரி.

சாயங்காலம் உங்களுடையது. கபாலீசுவரர் கோயில் மதியம் சாத்திவிட்டு நாலு மணிவாக்கில் திறப்பார்கள். ஐந்து மணிக்குப் போனால் குளக்கரைப் பக்கம் வெயில் இறங்கியிருக்கும். தரிசனம் முடித்து மாடவீதியில் அவரை ஒரு காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஒரு சுற்று வாருங்கள். பூ, பித்தளை விளக்கு, ஊறுகாய்க்கு மாகாளிக் கிழங்கு எல்லாம் அங்கே கிடைக்கும்.

வெள்ளி காலை தி.நகர். கடை திறந்ததும் போய்விட வேண்டும். ரங்கநாதன் தெருவுக்குள் அவரை அழைத்துப் போகவே கூடாது. நல்ல முழங்காலுக்கே அது சோதனை. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி உட்கார இடம் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பேப்பரோடு அவரை விடுங்கள். இரண்டு மணி நேரம் உங்களுக்கு. பிற்பகல் பல்லவனைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு அரியலூர். அங்கிருந்து பெரம்பலூர் பஸ்.

பையனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள், அது போதும். மூன்று நாளும் கூடவே வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சென்னையிலிருந்து ஒரே நாளில் காரில் பார்த்துத் திரும்ப முடியுமா? கோயிலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்கிறாள் மனைவி.
- ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: முடியும். ஆனால் விடியற்காலையில் கிளம்பி விக்கிரவாண்டியில் பிரிந்து சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியாக நீங்கள் போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிடும். பன்னிரண்டுக்கு நடை சாத்துவார்கள். ஒரு மணி நேரம் பார்க்கவா அத்தனை தூரம்? ஜெயங்கொண்டத்திலோ கும்பகோணத்திலோ ஓர் இரவு தங்குங்கள்.

மனைவி சொல்வது பாதி சரி. கண்ணுக்குத் தெரிவது கோயிலும் புல்வெளியும்தான். ஆனால் நீங்கள் நிற்பது, கங்கைப் படையெடுப்பு முடிந்து வந்த ராஜேந்திரன் எழுப்பி, ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர். கடல்தாண்டி ஸ்ரீவிஜயம்வரை படை அனுப்பிய அரசு இங்கிருந்துதான் நடந்தது. அந்த நகரம் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் மாளிகைமேடு போய்ப் பாருங்கள். கோயிலிலிருந்து கொஞ்ச தூரம். தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் சுவர்கள் கூரைக்கு அடியில் கிடக்கின்றன. அரண்மனை என்று மனசில் ஒரு படம் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். செங்கல்லின் அகலத்தையும் சுவரின் கனத்தையும் பார்த்தால் வேறு மாதிரி. கோயிலின் வெளி மதில் என்ன ஆயிற்று என்பதற்கு அணைக்கரைக்குப் போக வேண்டும். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டியபோது இங்கிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கும்பகோணம் போகும்போது நீங்கள் தாண்டுவது அந்த அணையைத்தான்.

கோயிலில் எதை விட்டாலும் வடக்குப் பக்கப் படியோரம் இருக்கும் சண்டேசரை விடாதீர்கள். சிவன் உட்கார்ந்தபடி, காலடியில் கைகூப்பியிருக்கும் பக்தன் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். பார்வதி பக்கத்தில் இருக்கிறாள். சிவனின் விரல்களைப் பாருங்கள், பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடும் அப்பாவின் விரல்கள் அவை. அந்தப் பிள்ளை ராஜேந்திரனேதான் என்று சொல்பவர்கள் உண்டு. கல்லில் அப்படி எழுதியில்லை, நம்புவது உங்கள் விருப்பம். விமானம் சுமார் 55 மீட்டர். தஞ்சாவூர் நேராக நிமிர்ந்து நிற்கும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். சாயங்காலம் மேற்கிலிருந்து வெளிச்சம் படும்போது பார்த்தால்தான் அந்த வளைவு பிடிபடும். ஓர் இரவு தங்கி, நாலு மணிக்குத் திரும்ப வரச் சொல்வது அதனால்தான்.

மறுநாள் காலை நேரமிருந்தால் அரியலூர் பக்கம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலமெல்லாம் கடல். இன்று சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களில் அந்தக் கடலின் சிப்பிகளும் சுருள் சங்குபோன்ற அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. மார்கழி, தையில் போனால் கரைவெட்டி ஏரியில் பறவைகள் இருக்கும். 2024-ல் அதற்கு ராம்சார் ஈரநில அங்கீகாரம் கிடைத்தது.

கேள்வி: கல்யாணமாகி ஆறு மாதம். ஜனவரியில் சென்னை போகிறோம். எனக்குப் புத்தகக் கண்காட்சி, அவளுக்கு மால். இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.
- ஒரு வாசகர், செந்துறை

பதில்: ஏன் சேர்ந்தே போக வேண்டும்? கண்காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்தால் நந்தனம் மெட்ரோவிலிருந்து போய்விடலாம். நீங்கள் அங்கே, அவர் மாலில். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஹோட்டல் வாசலில் சந்தியுங்கள். வாங்கிய புத்தகங்களை நீங்களே சுமக்க வேண்டும். அவருடைய பைகளில் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லை மட்டும் இரண்டு பேருமே ஊர் திரும்பும்வரை காட்ட வேண்டாம்.