நீருக்கு மணம் தந்த மூலக்கூறு

தூய நீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்ற பாடம். ஆயினும், ஆடவருக்கான வாசனைத் திரவியங்கள் அடுக்கப்பட்ட கடை அலமாரியில் நீல நிறக் குப்பிகள் பல வரிசையாக நின்று, கடலையும் அலையையும் நமக்கு விற்க முன்வருகின்றன. இல்லாத மணத்தை எவ்வாறு குப்பியில் அடைக்கிறார்கள்? விலை கொடுப்பவர்கள் நாம் ஆகையால், அதனைச் சற்றே ஆராய்வது பயனுடையது.

நீரின் மணம் என்று நாம் எண்ணுவது, நீரைச் சூழ்ந்தவற்றின் மணமே. நனைந்த மண், கடற்பாசி, உப்புக்காற்று ஆகியவை சேர்ந்தே 'நீர்' என்ற எண்ணத்தை மூக்கில் எழுப்புகின்றன. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகர அத்தர் வினைஞர்கள் இந்நுட்பத்தை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். சுட்ட களிமண்ணைச் செப்புக் கலத்தில் நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, முதல் மழையின் மணத்தை அவர்கள் பிடித்துவிடுகிறார்கள். மழை மணத்திற்கு 1964இல் 'பெட்ரிகோர்' எனப் பெயரிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவரும் தம் கட்டுரையில் இந்த மண் அத்தரைக் குறிப்பிட்டுள்ளனர்.

மேலைநாட்டினர் சென்ற வழி வேறு. வாசனைப் பொருள்களைவிட மருந்துகளுக்கே பெயர்பெற்ற ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1966இல் ஒரு மூலக்கூறைக் கண்டறிந்தனர். அதன் வணிகப் பெயர் கலோன். தர்ப்பூசணியின் ஈரமும் கடற்காற்றின் உப்புச் சாயலும் கலந்த மணம் அதற்கு உண்டு. மிகச் சிறிதளவே போதுமானது; அளவு மீறினால் கடற்கரைக்குப் பதிலாக மீன் சந்தை நினைவுக்கு வரும்! காப்புரிமை நடப்பில் இருந்த ஆண்டுகளில் அது பரவலாகப் புழங்கவில்லை. 1980களின் இறுதியில்தான் வாசனை வடிவமைப்பாளர்கள் பலர் அதனைக் கையில் எடுத்தனர். 1988இல் வெளிவந்த அராமிஸ் நிறுவனத்தின் 'நியூ வெஸ்ட்' அவ்வரிசையில் முன்னோடியானது.

அதே 1988இல் பியர் பூர்டோன் வடிவமைத்த, டேவிடாஃபின் 'கூல் வாட்டர்' வெளிவந்தது. அதன் பெயரில் நீர் இருப்பினும், அதன் குளிர்ச்சிக்குப் பெருங்காரணம் டைஹைட்ரோமிர்சினால் என்னும் வேறொரு பொருள். பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்ப்பன்டைனைக் கொண்டு அதனைத் தயாரிக்கலாம். எலுமிச்சையும் லாவெண்டரும் கலந்தாற்போன்ற அதன் தூய மணம் சோப்பிலும் சலவைத்தூளிலும் பழகியது. 'இப்போதுதான் குளித்து வந்தவர்' என்ற உணர்வை அது தருவதில் வியப்பில்லை.

1996இல் ஆல்பர்டோ மொரில்லாஸ், ஆர்மானி நிறுவனத்துக்காக வடிவமைத்த 'அக்வா டி ஜியோ' இம்முறையை மேலும் மென்மையாக்கியது. மல்லிகையின் காற்றோட்டமான சாயலைத் தரும் ஹெடியோன் அதில் கலோனோடு இணைந்து நிற்கிறது. பின்வந்தவற்றுள் பல இதன் நிழல்களே என்பது எமது கருத்து.

இவ்வகைத் திரவியத்தின் குணம் காலத்தோடு மாறும். தெளித்தவுடன் எழும் பெர்கமோட், எலுமிச்சை மணங்கள் அரைமணி நேரம்கூட நிலைப்பதில்லை. அடுத்து மூலிகையும் மலரும் வரும். இறுதியில் தங்குபவை மரம், கஸ்தூரி, அம்பர் ஆகியவற்றின் சாயல்கள். திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் இயற்கை அம்பரை விற்பது நம் நாட்டில் குற்றம். ஆகவே, 'அசல் அம்பர்' என்று எவரேனும் கூறி விற்க வந்தால் விலகிச் செல்க. தரமான திரவியங்களில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் தயாரான அம்ப்ராக்சானே.

எனவே, கடையில் காகிதத் துண்டை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் பணம் செலுத்துவது, முதல் மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். மணிக்கட்டில் தெளித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் வெளியே சுற்றி வாருங்கள். அப்போது எஞ்சியிருப்பதற்கே நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். குப்பியின் மீது 'ஓ டி டாய்லெட்' என்றிருந்தால், வாசனைப் பொருள் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரையே இருக்கும். மற்றது பெரும்பாலும் ஆல்கஹால். 50 மில்லி, 100 மில்லி குப்பிகளின் விலையை ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபின் தேர்ந்தெடுங்கள். வாங்கியதை வெயில் படாத அலமாரியில் வையுங்கள். குளியலறையின் வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகா.