வேகம் கூட்டிய கணிப்பொறிக்கு ஓய்வு வேண்டாமா?

மாணவர்களே! பெண்ணாடத்தில் ரயில் ஏறி விழுப்புரம் நோக்கிச் சென்றால் விருத்தாசலம் சந்திப்பு வரும். பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கட்டை எல்லாம் அங்கே சூளையில் வேகின்றன. சரக்கு அடுக்காத வெறும் சூளையை யாராவது எரிப்பார்களா? மாட்டார்கள் அல்லவா? ஆனால் நம் வீட்டுக் கணிப்பொறியில் சில வேளை அப்படித்தான் நடக்கிறது.

கணிப்பொறியின் செயலி ஒரு விநாடியில் பல நூறு கோடித் துடிப்புகளில் இயங்குகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 350 கோடித் துடிப்புகள். தயாரிப்பாளர் குறித்த அளவைவிட இதை உயர்த்துவதை ஓவர்கிளாக்கிங் என்பர். எல்லாச் செயலிகளும் இதற்கு இடம் தருவதில்லை. இடம் தருபவற்றிலும், துடிப்பை மிகவும் கூட்டினால் மின்னழுத்தத்தையும் சிறிது கூட்ட வேண்டியிருக்கும்.

இதனால் மின்செலவு எவ்வளவு கூடும்? டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கச் செலவாகும் திறன், துடிப்பின் எண்ணிக்கைக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். துடிப்பை 3.5இலிருந்து 4.2 ஆக்கினால் 1.2 மடங்கு. மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.32 ஆக்கினால் 1.1 மடங்கு. ஆகவே திறன் 1.2 × 1.1 × 1.1 = 1.452 மடங்கு. வேகம் 20 சதவீதம் கூட, செலவு 45 சதவீதம் கூடுகிறது! 60 வாட் செலவழித்த செயலி 87 வாட் கேட்கும். அத்தனையும் வெப்பமாகும். ஒரு வாட்டுக்கு 0.5 டிகிரி சூடேறும் குளிர்விப்பான் இருந்தால், சித்திரை மாத 40 டிகிரி அறையில் செயலியின் வெப்பநிலை 40 + 43.5 = 83.5 டிகிரி.

மின்சிக்கன ஏற்பாடு இங்கேதான் உதவுகிறது. இன்டெல் நிறுவனம் ஸ்பீட்ஸ்டெப் என்றும், ஏ.எம்.டி. நிறுவனம் கூல் அண்ட் கொயட் என்றும் இதற்குப் பெயர் சூட்டின. வேலை குறையும்போது துடிப்பும் மின்னழுத்தமும் தாமே இறங்குகின்றன. வேலையே இல்லாதபோது செயலியின் பகுதிகள் உறங்கிவிடுகின்றன.

வேகம் கூட்டுவோர் பலர் இந்த ஏற்பாட்டை அணைத்துவிடுகின்றனர். அணைக்கத்தான் வேண்டுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். துடிப்பு ஐந்தில் ஒரு பங்காக இறங்கி, மின்னழுத்தம் மட்டும் 1.32இலேயே நின்றால் செலவும் ஐந்தில் ஒரு பங்காகும். மின்னழுத்தமும் பாதியாகி 0.66 ஆனால், அதிலும் நாலில் ஒரு பங்கு, அதாவது இருபதில் ஒரு பங்குதான்! (கசிவு மின்னோட்டத்தை இங்கே சேர்க்கவில்லை.) எனவே பயாஸ் அமைப்பில் மின்னழுத்தத்தை ஒரே எண்ணில் நிறுத்தாமல், ஆஃப்செட் முறையில் வைப்பது நல்லது. இம்முறையில் தயாரிப்பாளர் குறித்த மின்னழுத்தத்துடன் சிறு அளவு கூட்டப்படுகிறது. துடிப்பு இறங்கும்போது மின்னழுத்தமும் கூடவே இறங்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆஃப்செட்டைக் கழித்தல் குறியில் அதிகமாக வைத்தால், முழு வேலையில் நன்றாக ஓடும் கணிப்பொறி, சும்மா இருக்கும்போது உறைந்துவிடலாம். இறங்கிய நிலைக்கு அந்த மின்னழுத்தம் போதாமல் போவதே காரணம். உறங்கும் செயலி திடீரென விழிக்கும்போதும் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். அந்தச் சரிவைத் தாங்கச் செயலியைச் சுற்றிச் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எதனால் ஆனவை தெரியுமா? பீங்கான் இனத்தைச் சேர்ந்த பேரியம் டைட்டனேட்டினால்!

ஆகவே வேகம் கூட்டியபின் இரு சோதனைகள் தேவை. முழு வேலை கொடுத்துச் சில மணி நேரம் பாருங்கள். பிறகு வேலையின்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். உறையாமல் ஓடினால் மட்டும் போதாது. நிலையற்ற செயலி ஓசையின்றித் தவறான விடை தந்து, சேமித்த கோப்பையே கெடுத்துவிடக்கூடும். முக்கியக் கோப்புகளுக்கு முன்பே நகல் எடுங்கள். உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்பதால் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்: வேகம் கூட்ட முடியாத மடிக்கணினியிலும் இதைக் காணலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலியின் வேகத்தைக் கவனியுங்கள். எதுவும் செய்யாமல் இருக்கும்போது எவ்வளவு? ஒரு படக்காட்சியைத் திறக்கும்போது எவ்வளவு? குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கையில் 20 வாட் மிச்சமானால், நாளுக்கு 8 மணி வீதம் ஓராண்டில் எத்தனை யூனிட்? (விடை: சுமார் 58.)