காதில் மெஷின், கையில் போன்

காதுக்குப் பின்னால் மாட்டும் காது கேட்கும் மெஷினில் மைக் இருப்பது காது மடலின் உச்சியில். போனை வழக்கம்போலக் காதுத் துவாரத்தில் அழுத்தினால் குரல் சன்னமாகத்தான் விழும். 'கீ' என்று விசில் வேறு. போனைச் சற்றே உயர்த்தி, ஸ்பீக்கர் அந்த மைக்குக்கு நேராக வரும்படி, ஒட்டாமல் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

மெஷினில் 'டெலிகாயில்' என்ற கம்பிச்சுருள் இருந்தால் 'டி' நிலைக்கு மாற்றிப் பேசலாம். மைக் ஓய்ந்து, போனின் காந்தப்புலத்திலிருந்து ஒலி வரும். பக்கத்து டிவி சீரியல் குறுக்கே வராது. போன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் 'ஹியரிங் எய்ட்' வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

புளூடூத் மெஷின் வாங்குவோர் கவனிக்க: சில மாடல்கள் ஐபோனோடு மட்டுமே நேரடியாக இணையும். விற்பவர் தலையாட்டுவதை நம்பாமல், உங்கள் போனிலேயே இணைத்து, கடை வாசலில் நின்று ஒருவரிடம் பேசிப் பாருங்கள். புளூடூத்தில் நெடுநேரம் பேசினால் பேட்டரி சீக்கிரம் தீரும். பட்டன் பேட்டரி என்றால் பையில் ஒரு அட்டை வைத்திருங்கள். பேட்டரி மேலுள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்தபின் போடுங்கள்.