முட்டை மிதக்கட்டும், கருக்காய் ஒதுங்கட்டும்!



கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கவனித்திருப்பீர்கள். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வரும். தண்ணீரை விட்டு மேலே வந்ததும், "அடேயப்பா, என்னா கனம்!" என்போம். அதே வாளி, அதே 10 லிட்டர்தானே? ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ, அதுதான் அதன் நிறை. பூமி அதைக் கீழே இழுப்பது எடை. தண்ணீருக்குள் இரண்டுமே குறைவதில்லை. தண்ணீரும் நம்மோடு சேர்ந்து மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். இதற்கு மிதப்பு விசை என்று பெயர். பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்குத் தள்ளும். பொருளின் எடை அதைவிடக் கூடினால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும்.

இது நமக்கு எதற்கு? விதைநெல்லுக்குத்தான்! குழுவில் கடன் வாங்கி நாற்றங்கால் விட்டு, பாதி முளைக்காமல் போனால் நஷ்டம் நமக்குத்தானே?

நல்ல நெல்லும் கருக்காயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே சரக்குதான் குறைவு. வெறும் தண்ணீரில் பதர் மிதக்கும்; அரைகுறையாக முற்றிய நெல் மூழ்கிவிடும். உப்புக் கரைத்தால் தண்ணீர் கனமாகும், தள்ளும் விசையும் கூடும். அப்போது அதுவும் மேலே வந்துவிடும்.

செய்முறை:

1. பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, புது முட்டை ஒன்றைப் போடுங்கள். அது மூழ்கும். நாள்பட்ட முட்டை வேண்டாம். ஈரம் வற்றி நிறை குறைந்திருப்பதால் வெறும் தண்ணீரிலேயே மிதந்துவிடும்.

2. உப்பைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் போதும். முட்டையை எடுத்துவிடுங்கள்.

3. விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறி, மிதப்பதை அள்ளி அகற்றுங்கள்.

4. மூழ்கிய விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

வீட்டில் எடுத்து வைத்த விதைக்கே இந்த முறை. மருந்து கலந்து விற்கும் விதைக்கு வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பக்கெட், ஒரு முட்டை, ஒரு படி விதைநெல் வைத்து எல்லோரும் செய்து பார்ப்போமா? பக்கெட்டிலேயே கழித்துவிட்டால், வயலில் வருத்தப்பட வேண்டாம்.