தனியாக ஒரு கோலாலம்பூர்: முதன்முதலாக வெளிநாடு போகும் பெண்ணுக்கு

முதன்முதலாகத் தனியாக வெளிநாடு போக நினைக்கும் பெண்கள் பலர் பாரிஸிலோ பாலியிலோ மனத்தை வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்குக் கோலாலம்பூர் போதும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. நான்கு மணி நேரம்தான். சுற்றுலாவுக்குப் போகும் இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா தேவையில்லை, 30 நாள் வரை தங்கலாம். மலாய் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுவதால் பெயர்ப்பலகைகளைப் படித்துவிட முடியும். வழி கேட்டால் பல இடங்களில் தமிழிலேயே பதில் வரும். தனியாகப் போவதே புது அனுபவம். அதோடு புரியாத மொழி, விசா அலைச்சல், கடுங்குளிர் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே ஏன் சேர்த்துச் சுமக்க வேண்டும்?

வீட்டில் பயமுறுத்துவார்கள். அவர்கள் பயம் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியாகப் போகிறவரைப் பெரும்பாலும் மாட்டிவிடுவது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள்: நள்ளிரவில் போய் இறங்குவது, கைபேசி அணைந்துபோவது, கார்டு வேலை செய்யாமல் நிற்பது, தெரியாதவர் கொடுத்த பொட்டலத்தை வாங்குவது. இவற்றில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடக் கூடியவை.

முதலில் காகிதங்கள்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். விசா விலக்கு நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும் (கடற்கரைச் சாலை இல்லை, குடிபெயர்வு அனுமதி பற்றியது). அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போவதென்றால் முன் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்றாலும், நம் விமான நிலையக் குடியேற்றக் கவுன்டரில் தனியாகப் போகும் பெண்ணைக் கூடுதலாகக் கேள்வி கேட்கக்கூடும். சுற்றுலா என்று சொல்லி அனுப்பி வேலையில் மாட்டிவிடும் ஏஜென்ட்டுகளால் வந்த வினை இது. கோபப்படாமல் திரும்பி வரும் டிக்கெட்டையும் ஓட்டல் முன்பதிவையும் காட்டினால் போதும். இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியா போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

கைபேசி இல்லாவிட்டால்?

இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தால் பயணத்தின் பெரிய பயம் தீர்ந்தது. இன்று டிக்கெட், வரைபடம், பணம், வங்கியின் ஓ.டி.பி., அம்மாவின் எண் எல்லாம் ஒரே கருவிக்குள் கிடக்கின்றன. அது தொலைந்தால் நாம் ஒரேயடியாக ஊமையாகிவிடுகிறோம்.

ஒரு சின்னத் தாளில் ஓட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வீட்டில் இருவரின் எண்கள், கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனின் எண், வங்கிக் கார்டை முடக்க அழைக்க வேண்டிய எண் எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள். ஒரு பிரதி கைப்பையில், இன்னொன்று பெட்டியில். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் நகலும் அப்படியே இரண்டு இடத்தில். வீட்டில் ஒருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

இந்திய சிம்மை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்; ஓ.டி.பி. அதில்தான் வரும். ரோமிங்கை இயக்கிவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் அங்கே ஒரு சிம்மோ இ-சிம்மோ வாங்கிக்கொள்ளலாம். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கே மூன்று பட்டைக்கால் கொண்ட பிரிட்டிஷ் பிளக். நம் சார்ஜர் நேராகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை இயக்கி, ஒரு நாள் வரம்பையும் குறைவாக வையுங்கள். இரண்டு கார்டு எடுத்துப் போங்கள், இரண்டும் ஒரே பர்ஸில் வேண்டாம். இரண்டு நாள் செலவுக்காவது ரிங்கிட் நோட்டாகக் கையில் இருக்கட்டும். யு.பி.ஐ.யை நம்பிப் புறப்படாதீர்கள்.

தங்கத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே வழிப்பறி ஒரு காரணம், திரும்பும்போது நம் சுங்கத்தில் 'இது அங்கே வாங்கியதா?' என்ற கேள்வி இன்னொரு காரணம். கசகசா கலந்த மசாலாப் பொடியும் வேண்டாம். அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அதற்காக மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பகலில் இறங்குங்கள்

டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்பதற்காக நள்ளிரவில் இறங்கும் விமானத்தைப் பிடிக்காதீர்கள். இங்கே நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானம் அங்கே விடிகாலையில் இறங்கும்; நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் அது. தூக்கம் கெடும், ஆனால் புது ஊரை வெளிச்சத்தில் பார்ப்பீர்கள்.

விமான நிலையம் நகரத்துக்கு வெகு தொலைவில், சிப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். கட்டணம் 55 ரிங்கிட், பேருந்தில் போனால் இதைவிடக் குறைவு. வருகை வாசலில் "டாக்சி, டாக்சி" என்று கூடவே நடந்து வருபவரிடம் நின்று பேச வேண்டாம்.

முதல் இரண்டு இரவுக்கான அறையை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் எடுங்கள். கே.எல். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் வசதி: ரயில் பக்கம், சாப்பாட்டுக்கு இட்லிக் கடை, சுற்றிலும் தமிழ்க் குரல். ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிடத் தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் படியுங்கள். அதிலும் இரவு வரவேற்பில் ஆள் இருக்கிறாரா, நிலையத்திலிருந்து வரும் தெருவில் விளக்கு இருக்கிறதா என்ற இரண்டும் முக்கியம். வெளிநாட்டினரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், ஏமாற்று இல்லை. வரவேற்பில் உங்கள் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், கூச்சம் வேண்டாம். உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழுகிறதா, ஜன்னல் பூட்டுகிறதா, தீ விபத்தில் இறங்கும் படிக்கட்டு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஊருக்குள்

கோலாலம்பூரில் சுற்றுலாப் பயணிக்கு நடக்கும் குற்றங்களில் முன்னால் நிற்பது மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துப் போவது. சாலைக்கு எதிர்ப்புறத் தோளில் பையை மாட்டுங்கள். நடைபாதையின் உட்புறம் நடங்கள். தெருவோரம் நின்று கைபேசியில் வரைபடம் பார்க்காமல் ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். மீறிப் பறித்தால் விட்டுவிடுங்கள். பையோடு இழுபட்டு விழுந்தால் காயம் பெரிதாகிவிடும்.

வெளியே போக, வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலி போதும். ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைச் சரிபாருங்கள், பின் இருக்கையில் உட்காருங்கள், பயண விவரத்தை வீட்டுக்குப் பகிருங்கள். பத்துமலை முருகன் கோவிலுக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்தே கே.டி.எம். கொமுட்டர் ரயில் போகிறது. அடிக்கடி வராது, நேரம் பார்த்துப் போங்கள். அதில் இளஞ்சிவப்பு அடையாளத்தோடு பெண்களுக்கென்றே பெட்டி உண்டு. 272 படி ஏறும்போது ஆண்களைவிடக் குரங்குகளிடம்தான் ஜாக்கிரதை தேவை. கையில் இருக்கும் பையை உரிமையோடு வாங்கிக்கொள்ளும்.

இரவில் யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் ஓட்டலை நோக்கி ஓடாதீர்கள், தங்குமிடம் தெரிந்துவிடும். பக்கத்து மாமாக் கடைக்குள் போய் ஒரு தே தாரிக் டீ சொல்லுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி நடத்தும் இந்தக் கடைகளில் பல விடிய விடியத் திறந்திருக்கும், கூட்டமும் வெளிச்சமும் இருக்கும். அங்கிருந்தே வண்டி கூப்பிடலாம்.

தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பிவிடுவது நம்மவர்களின் பெரிய பலவீனம். "எந்த ஊரும்மா நீங்க? தனியாவா வந்திருக்கீங்க?" என்று அன்பாகக் கேட்பார்கள். பெரும்பாலும் அது வெறும் அன்புதான். இருந்தாலும் "சொந்தக்காரங்க வீட்ல இருக்கேண்ணே" என்று சொல்லிவிடுவதில் பாவம் இல்லை.

வீட்டோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று நேரம் குறித்துச் செய்தி அனுப்புவீர்கள். ஒன்று தவறினால் யாரும் பதற வேண்டாம். அடுத்ததும் தவறினால் முதலில் ஓட்டலுக்கு, பிறகு ஹை கமிஷனுக்கு அழைக்க வேண்டும். அம்மாவின் பதற்றத்துக்கு இதுதான் மருந்து. மணிக்கொரு படம் அனுப்புவது மருந்து இல்லை.

போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் 999. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார் நகல், அதை வைத்து ஹை கமிஷனில் அவசரச் சான்றிதழ், பிறகு மலேசியக் குடிநுழைவுத் துறையில் வெளியேறும் அனுமதி. சில நாள் பிடிக்கும்.

திரும்பும் நாள்

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது ஒருவர் பக்கத்தில் வருவார். "அக்கா, இந்தச் செயினை மட்டும் கழுத்துல போட்டுக்குங்க, வெளியில எங்க ஆளு வாங்கிக்குவாரு" என்பார். அல்லது ஒரு பெட்டிக்கு எடை அதிகமாகிவிட்டது, சாக்லேட்தான், கொஞ்சம் எடுத்து வாருங்கள் என்பார். சில சமயம் டிக்கெட் காசே தருவதாகச் சொல்வார். நம் பக்கம் இதற்குக் 'குருவி' வேலை என்று பெயர். தனியாக வரும் பெண்ணை, அதிலும் முதல் தடவை வருகிறவரைப் பார்த்தே இப்படிக் கேட்பார்கள்; அதிகாரிகள் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற கணக்கு. தங்கமானால் இங்கே சுங்கத்தில் பறிமுதலும் வழக்கும். போதைப்பொருளானால் நிலைமை வேறு. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்ற விதியை மலேசியா 2023இல் நீக்கியது; ஆனாலும் மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது. யாரோ கொடுத்தார் என்ற பதில் அங்கே எளிதில் எடுபடாது.

"முடியாது" என்று ஒரே சொல்லில் சொல்லி நகருங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வளரும். விடாமல் வந்தால் விமான நிலையப் போலீசிடம் சொல்லுங்கள். பெட்டியை நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டி, கண்ணை எடுக்காமல் ஒப்படையுங்கள். அதில் இருப்பதெல்லாம் நீங்கள் வைத்ததுதான், வரி கட்ட வேண்டிய பொருளும் இல்லை என்றால், சுங்கத்தின் பச்சை வழியில் நேராக வெளியே வந்துவிடலாம்.