குற்றவாளி கணினியா?

வாப்பாவின் வானில் எஞ்சின் விளக்கு எரிந்ததும், "கணினியை மாற்ற வேண்டும்" என்றார் ஒருவர். விலையைக் கேட்டு உம்மா வாயடைத்துப்போனார்.

கணினிக்குக் கண் இல்லை. உணரிகள் அனுப்பும் வோல்ற்றளவே அதன் உலகம். காற்றை அளந்து, 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்ற கணக்கில் விடும். புகையில் ஒட்சிசன் மிஞ்சினால் ஒட்சிசன் உணரியின் வோல்ற்றளவு 0.45 இற்குக் கீழே இறங்கும்; கணினி பெற்றோலைக் கூட்டும். கூட்டியும் சரிவராவிட்டால் பீ 0171 என்று பதிந்து விளக்கை எரியவிடும். பெற்றோல் போதவில்லை என்பதே அதன் பொருள். காரணம் அதற்குத் தெரியாது.

தயாரிக்கும் இடத்தில் எஞ்சினே இல்லாமல், போலிச் சமிக்ஞைகளைக் கொடுத்துக்கூடக் கணினியைச் சோதிப்பார்கள். கராஜிலோ காரணத்தைத்தான் தேட வேண்டும். இன்னொரு மெக்கானிக் தேடினார். காற்றுமானிக்கு அப்பால் இறப்பர் குழாயொன்று வெடித்திருந்தது. அளக்கப்படாத காற்று அவ்வழியே நுழைந்திருக்கிறது.

குழாயை மட்டும் மாற்றினோம். பழைய கணினிதான் இன்றும் ஓடுகிறது.